வியாழக்கிழமை என் சலவை முறை

வியாழன் மாலை ஆறு முதல் எட்டு வரை
சலவை இயந்திரம் எனக்கு.
ஒன்பது வீட்டுக்காரரின் பெயரும்
கதவில் ஒட்டிய அட்டவணையில் இருக்கிறது.
எட்டு அடித்து ஒரு நிமிடம் போனால்
திருமதி ஸ்பின்டன் கூடையோடு வந்து நிற்பார்,
ஒன்றும் சொல்லமாட்டார்,
கைக்கடிகாரத்தை மட்டும் பார்ப்பார்.

நிலவறை இது. கைபேசிக்கு அலை எட்டாது.
ஆகவே என் முதல் நிபந்தனை:
இணையம் இல்லாத இடத்திலும் அது திறக்க வேண்டும்.
பதினான்கு நாள் இலவசம் என்ற
நான்கு மென்பொருளில் ஒன்று இங்கேயே விழுந்தது.
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது,
எதிரே என் உடுப்புகளும்.

வயது நாற்பத்து மூன்று.
இரவில் ஓல்ட்டன் தரிப்பிடத்தில்
ரெயில் பெட்டி துடைக்கிறேன்.
துடைப்பவர் திருத்துபவர் ஆக
மார்ச்சில் ஒரு தேர்வு உண்டு.
அதில் அட்சரகணிதம் நாற்பது புள்ளி.

இரண்டாவது, என்னைப் பெயர் சொல்லி வாழ்த்தியது.
வாழ்க தர்மினி! சரியென்றால் வண்ணக் காகிதம்.
பிழையென்றால் ஒரு கரடிக்குட்டி அழுதது.
வேலை முடிந்து வந்து
கரடிக்குட்டியைத் தேற்ற எனக்கு நேரமில்லை.
அத்தோடு ஒவ்வொரு கணக்கின் தலையிலும்
நாற்பது விநாடி. முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு.
அதற்குத் திருமதி ஸ்பின்டன் போதும்.

மூன்றாவது கேட்டது:
சூரிச்சிலிருந்து ஒரு ரெயில், பேர்ணிலிருந்து ஒரு ரெயில்,
ஒரே நேரம், ஒரே வேகம்,
எங்கே சந்திக்கும்?
ஓல்ட்டன், என்று எழுதினேன்.
எத்தனை இரவு அவை இரண்டும்
என் வாளித் தண்ணீரை நடுங்கவைத்துக் கடந்திருக்கின்றன!
பிழை, என்றது. சிவப்பில்.
எண் வேண்டுமாம்.
விடைக்கு ஒரு சின்னப் பெட்டி,
எப்படி வந்தேன் என்று எழுத இடமே இல்லை.
எப்படி வந்தாய் என்று
பத்தொன்பது வயதில் ஓர் அலுவலகத்தில்
நாலு மணிநேரம் கேட்டார்கள்.
இங்கேயல்லவா கேட்டிருக்க வேண்டும்.

நான்காவது
சாம்பல் நிறம். பெயர்கூட நினைவில் நிற்கவில்லை.
படமில்லை, ஓசையில்லை.
விரலால் வரிவரியாய் எழுதலாம்,
வெட்டலாம், வெட்டியதும் அங்கேயே கிடக்கும்.

3(x − 4) = 2x + 7

நான் எழுதினேன்:

3x − 4 = 2x + 7
x = 11

பிழை என்று அது சொல்லவில்லை.
என் பதினொன்றை எடுத்துப்போய்
முதல் வரியில் வைத்துக் காட்டியது.
இந்தப் பக்கம் இருபத்தொன்று.
அந்தப் பக்கம் இருபத்தொன்பது.
பிறகு பேசாமல் இருந்தது.

எட்டு எங்கே போனது?

இயந்திரம் கடைசிச் சுழற்சிக்கு மாறி
தரையையும் என்னையும் சேர்த்து உதறியது.
நான் மேலே போனேன், வரிவரியாய்,
படிக்கட்டில் விழுந்த ஒற்றைக் காலுறையைத் தேடுகிறவள் மாதிரி.

அடைப்புக்குறிக்குள் இருவர் பந்தியில் இருந்திருக்கிறார்கள்.
முன்னால் இருந்த x-க்கு மூன்று கரண்டி,
பக்கத்தில் இருந்த நாலுக்கு
ஒரே ஒரு கரண்டி வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறேன்.
இரண்டு கரண்டி குறை.
ஈர்நாலு எட்டு.

என்ன வெட்கம்.
பன்னிரண்டு என்று மாற்றினேன். பத்தொன்பது வந்தது.
இரு பக்கமும் நாற்பத்தைந்து.
யாரும் எதையும் தூவவில்லை.
அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது,
பிறகுதான் கவனித்தேன்,
இயந்திரமும் எப்போதோ நின்றிருந்தது.

வாசலில் கூடை.
கூடைக்குப் பின்னால் திருமதி ஸ்பின்டன்.
எட்டு எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை,
கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு ஏழு.
மன்னியுங்கள் என்று ஈர உடுப்பை வாரும்போது
கைபேசித் திரையை எட்டிப் பார்த்து
"அடைப்புக்குறி" என்றார்,
பல்வலியை நினைத்தவர் போல முகத்தைச் சுளித்து.

மாதம் பன்னிரண்டு பிராங்க்.
உலர்த்தும் இயந்திரத்துக்கு நான் போடும் காசு
ஏறக்குறைய அவ்வளவுதான்.
கொடி கட்ட ஆணி இருக்கிறது.
இந்த மாதம் உடுப்பெல்லாம் குளியலறையில் காயட்டும்.