பதினேழாவது கேள்வி

சரியான விடையை எழுத அரை நிமிடம் போதும்.
தவறான விடைகளுக்குத்தான் ராத்திரி ஆகிவிடும்.
எந்த இடத்தில் சறுக்குவார்கள் என்று தெரிந்து
அங்கே கொஞ்சம் எண்ணெய் விட்டுவைக்க வேண்டும்.
இருபது வருடமாய் விடுகிறேன், புதுவயலில்.

மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது.
அப்போது அதன்மீது செயல்படும் விசை
அ. சுழி
ஆ. மேல்நோக்கி
இ. கீழ்நோக்கி, அதன் எடைக்குச் சமம்
ஈ. இவற்றுள் எதுவுமில்லை

நாற்பத்தாறு பேரில் முப்பத்தெட்டுப் பேர் இ.
ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குச் சந்தோஷமாய் இருந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம்.
ராயப்பனைக் கூப்பிட்டு
பந்தை வரைந்து அம்புக்குறி போடச் சொன்னேன்.
தயங்காமல் மேல்நோக்கிப் போட்டான்.
"எறிஞ்ச விசை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்குமே, மிஸ்."
அப்புறம் எப்படிடா இ?
"அதுதான் நீளமா இருந்துச்சு."

பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன்.
ஆமாம்.
பொய்யை ஒரு சொல்லில் முடித்துவிடுகிறேன்,
உண்மைக்கு மட்டும் ஒரு காற்புள்ளி வேண்டியிருக்கிறது.
எனக்கே தெரியாமல் நான் கற்றுக்கொடுத்த பாடம்
அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது.

ஈ போட்டது ஒருத்திதான்,
சு. கொப்புடைநாயகி.
ஓரத்தில் பென்சிலால், அழித்தும் போகாமல்,
ஒரு வட்டம்,
கீழே ஓர் அம்பு, பக்கவாட்டில் சின்னதாய் இன்னொன்று,
இரண்டுக்கும் நடுவே சாய்வாக மூன்றாவது.
பக்கத்தில் இரண்டே சொல்:
ஆடி மாசம்.

சன்னல் திறந்திருந்தது.
ரைஸ்மில் உமி
மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்து
தாள் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டிருந்தது.
'காற்றைப் புறக்கணிக்கவும்' என்று
கேள்வியில் எழுத மறந்தது நான்.

அந்தக் கேள்வியை நீக்கிவிடலாமா என்றேன் தலைமையாசிரியரிடம்.
"மார்க் ஏத்தியாச்சே டீச்சர். ஒரு மார்க்தானே."
ஒரு மார்க்தான்.
ராயப்பனுக்கு ஒன்று.
அவளுக்குச் சுழி.

என் கட்டங்கள் ஈயோடு முடிந்துவிடுகின்றன.
அடுத்த எழுத்தை
பிள்ளைகளே தாளின் தலையில் போட்டுக்கொண்டுதான்
எழுதவே ஆரம்பிக்கிறார்கள்.
இத்தனை வருடத்தில்
அந்த உ-வை நான் திருத்தியதே இல்லை.