பாலாடாவில் ஒன்றும் இல்லை

மாவட்ட வரைபடத்தில் குண்டூசி குத்தச் சொல்லி
சுற்றறிக்கை வந்தது.
பதினைந்து முதல் இருபத்துநாலு வயது,
பள்ளியில் இல்லாதவர்களுக்குச் சிவப்புத் தலை.

டப்பாவில் நூறு. குத்தியது பதினொன்று.
ஊட்டி நாலு, கூடலூர் நாலு, குன்னூர் மூன்று.
எங்கெல்லாம் மையம் இருக்கிறதோ
அங்கெல்லாம் ஊசி.
கேத்தி பாலாடாவில் ஒன்றும் இல்லை.
"பரவாயில்லையே" என்றார் அதிகாரி.

பாலாடாவில் இரவு இரண்டு மணிக்கு
கேரட் கழுவும் மிஷின் சுற்றிக்கொண்டிருக்கும்.
மூட்டை ஏற்றுகிறவர்களில் பாதிப் பேருக்கு
மீசை வரவில்லை.
எட்டில் நின்றவன், ஒன்பதில் நின்றவன்,
எதில் நின்றோம் என்று பக்கத்தில் கேட்பவன்.
லாரி கிளம்பினால் மூட்டைமேலேயே படுத்து
மேட்டுப்பாளையம் மண்டிவரை போவார்கள்.
கல்லாறு வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள்.
விடியும்போது சட்டைப்பையில் எழுநூறு ரூபாய்.
திரும்பும் வண்டி மதியம்தான்.

நடுவில் இருக்கிற அந்த ஏழு மணி நேரம்
எந்த ஊரில் சேரும்?

சிவப்பு ரிப்பன் பேச்சுக்கு
நான் போனதெல்லாம் பள்ளிக்கூடம், கல்லூரி.
வினாடி வினா வைத்தேன்.
முதல் பரிசு டிபன் பாக்ஸ்.
எல்லா விடையும் சரியாகச் சொன்ன பெண்
இப்போது நர்சிங் படிக்கிறாள்.

அவனை லோகிதன் என்று வைத்துக்கொள்வோம்.
கீழேதான் சோதித்தான், காரமடை முகவரி கொடுத்து.
மாத்திரையும் கீழேதான்.
பஸ் ஸ்டாண்டில் என்னை அடையாளம் கண்டு
அவனாகவே வந்து சொன்னான்:
"மேல வேணாங்க்கா.
உங்க லேப் அண்ணனோட சம்சாரம்தான்
எங்கம்மாவுக்கு இலை எடை போடுறாங்க."

அவனுடைய ஊசி
வேறு மாவட்டத்துச் சுவரில் இருக்கிறது.
அங்கே யாரோ, இங்கென்ன இத்தனை என்று
புருவம் தூக்கியிருப்பார்கள்.

போன வியாழன் இரவு
சோதனைப் பெட்டியோடு பாலாடா போனேன்.
அனுமதி கேட்கவில்லை;
கேட்டால் பெட்ரோல் கணக்கு கேட்பார்கள்.
டீ விற்க வந்தவள் என்று நினைத்து
இரண்டு பேர் சில்லறையை நீட்டினார்கள்.
விஷயம் சொன்னதும் சிரிப்பு, ஒரு கெட்ட வார்த்தை,
பிறகு மிஷின் சத்தம் மட்டும்.

கடைசியில் ஒருவன் வந்தான். பெயர் சொல்லவில்லை.
நான்கு மணி நேரம் தண்ணீரில் ஊறிய கை,
விரல்நுனி வெளுத்துச் சுருங்கியிருந்தது.
குத்தினேன். ரத்தம் வரவில்லை.
என் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தேன்.
லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.
"இருண்ணே," என்றான் அவன்,
"இன்னும் சூடாகல."