படி

சம்பளம் ஏறிய ராத்திரி
கோவில்பட்டியிலிருந்து பேச்சிக்கனி கூப்பிடுகிறாள்.
பயிற்சிப் பள்ளியில் அடுத்த கட்டில்.
ஒரே நாளில் தொப்பி வைத்தோம்,
ஒரே அடிப்படைச் சம்பளம்.
"ஒனக்கு மெட்ராஸ்ல கூட வருதாம்லா?"

வரும்.
வாடகைப்படி கூட.
நகர ஈட்டுப்படி என்றும் ஒன்று இருந்தது,
நகரம் என்னிடம் எடுத்துக்கொள்வதை ஈடுகட்டுவதாம்.
ஒரு கிலோ வஞ்சிரத்துக்குக் காணும்,
ஞாயிற்றுக்கிழமையாக இல்லாவிட்டால்.
கொரோனா வருஷத்தில் அதை நிறுத்தினார்கள்.
நகரம் எடுப்பதை நிறுத்தவில்லை.

புளியந்தோப்பில் பன்னிரண்டு வீடு பார்த்தேன்.
"போலீசா? நாங்க ஃபேமிலிக்குத்தாம்மா விடுறது."
என் மகன் என் விரலைப் பிடித்தபடி
அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.
பதின்மூன்றாவது கிடைத்தது.
மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை,
பத்து மாத அட்வான்ஸ்.
வீட்டுக்காரர் அருளானந்தம்
பேப்பரை வரி விடாமல் படிப்பவர்.
அகவிலைப்படி ஏறினால்
எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.
மூச்சு வாங்க மாடியேறி வந்து
வாழ்த்துச் சொல்வார்.
அடுத்த மாதம் வாடகை ஏறும்.

பேச்சிக்கனி சிரிக்கிறாள், சிரித்து நிறுத்துகிறாள்.
அவளுக்குக் குவார்ட்டர்ஸ், அதனால் வாடகைப்படி இல்லை.
ஐப்பசியில் அடுப்பு மேலேயே ஒழுகும்.
சின்னவளுக்குக் காதில் சீழ்.
டாக்டருக்குத் திருநெல்வேலி போகவேண்டும்,
இரண்டு பஸ், ஒரு நாள் லீவு,
லீவுக்கு மூன்று நாள் கெஞ்சல்.
அதற்கெல்லாம் படி கிடையாது.

நேற்று சிவானந்தா சாலை பந்தோபஸ்து.
விடிகாலை நாலரைக்கு இறக்கிவிட்டார்கள்.
சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு
டீச்சர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.
நான் இரும்புத் தடுப்புக்கு இந்தப் பக்கம்.
எங்களுக்குச் சங்கம் இல்லை.
பக்கத்தில் கழிப்பறையும் இல்லை,
அதனால் தண்ணீர் குடிக்கவில்லை.

முன்வரிசையில் ஒரு டீச்சர்,
பேச்சிக்கனியின் பேச்சு அப்படியே,
கம்பி இடுக்கில் பாட்டிலை நீட்டினார்.
"ஒங்களுக்கு எம்புட்டும்மா வரும்?"
சொன்னேன், பிடித்தம் போக.
அவர் தன்னுடையதைச் சொன்னார்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் வாக்கிடாக்கி கரகரத்தது.
வண்டி வந்துவிட்டது, ஏற்றுங்கள்.
அவர் முழங்கையைப் பிடித்து
பஸ் வரைக்கும் நான்தான் கூட்டிப்போனேன்.
வலது முட்டி வலிக்கிறது என்றார்.
"படி உசரம் டீச்சர்," என்றேன்,
"பாத்து."