திருத்தக் குறிப்பு

பதவி உயர்வுப் படிவத்தின் நான்காம் பக்கம்
கட்டம் கட்டமாகக் கேட்கிறது.
வெளியான கட்டுரைகள்: இருபத்து மூன்று.
மேற்கோள்கள்: இருநூற்றுப் பதினொன்று.
அதில் என்னை நானே காட்டிக்கொண்டவை எத்தனை
என்று கேட்கவில்லை, நல்லவேளை.
எச்-குறியீடு: எட்டு.
அப்படீன்னா இன்னா மேடம் என்றார்
சோதனைக்கூட உதவியாளர் முனிரத்தினம்.
எட்டுக் கட்டுரைகளை, ஒவ்வொன்றையும்
எட்டுப் பேராவது குறிப்பிட்டிருக்கிறார்கள்.
"படிச்சிகிறாங்கோன்னு சொல்லுங்க."
இல்லை, குறிப்பிட்டிருக்கிறார்கள்.

காட்பாடியில் மின்சாரம் போனால்
எங்கள் அறையில் முதலில் சாவது ஏசி,
பிறகு எண்ணும் கருவி.
ஈயச் செங்கற்களுக்கு நடுவே
ஒரு டப்பா தண்ணீர் உட்கார்ந்திருக்கும்.
பாலாற்று ஓரம் நாற்பது கிணறு, நாற்பது டப்பா,
முனிரத்தினத்தின் டிவிஎஸ் வண்டியில்
கோணியில் கட்டி வந்தவை.
மூடி வைத்து இருபத்தொரு நாள்.
உள்ளே ரேடியம் ரேடானை ஈனும்,
ரேடான் தன் பிள்ளைகளை.
பிறப்பும் சாவும் சமமாகும்வரை
யாரும் தொடக் கூடாது.
அப்புறம்தான் எண்ண வேண்டும்.
எண்ணுவதற்கும் நினைப்பதற்கும்
ஒரே சொல்லை வைத்திருக்கிறோம் நாம்.
இரவு மூன்று மணிக்குத் திரையில்
துடிப்புகள் ஒவ்வொன்றாய் ஏறும்போது
அது சரிதான் என்று படும்.

அந்தக் கட்டுரைக்கு அறுபத்து நான்கு மேற்கோள்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன்.
அறுபத்து மூன்றிலும் ஏறக்குறைய ஒரே வாக்கியம்:
நிலத்தடி நீரில் கதிரியக்கம் பரவலாக ஆராயப்பட்டுள்ளது.
அடைப்புக்குள் ஏழெட்டுப் பெயர்கள்,
ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல் நானும்.
இரண்டு பேர் என் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள்.
நான் மட்டும் என்ன,
நன்றியுரையில் முனிரத்தினத்தை
முனியரத்தினம் ஆக்கியவள்தானே.

அறுபத்து நான்காவது போலந்திலிருந்து.
ஏழாம் பக்கத்து அடிக்குறிப்புவரை வந்த ஒரே ஆள்.
மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்:
டப்பாக்கள் நெகிழியாக இருந்திருக்கலாம்,
வாயு கசிந்திருக்கலாம்,
மதிப்புகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கலாம்.

லாங் பஜாரில் டஜன் கணக்கில் வாங்கியவை.
ஊறுகாய்க்கா என்று கேட்டார் கடைக்காரர்.

மிச்சமிருந்த ஒரு டப்பாவில்
அளவு தெரிந்த ரேடியத்தை இட்டு மூடினேன்.
இருபத்தொரு நாள்.
ஐந்துக்கு நாலுதான் தேறியது.
பழைய நோட்டை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டதில்
முப்பத்தொன்பது கிணறுகள் கோட்டுக்குக் கீழேயே நின்றன.
பதினான்காவது தாண்டிவிட்டது.

திருத்தக் குறிப்பு ஆறு வரி.
வெளியாக ஏழு மாதம் ஆனது.
இதுவரை யாரும் மேற்கோள் காட்டவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

பள்ளிகொண்டா தாண்டி இறங்கி நடந்தோம்.
ஊர்ப் பெயர் கட்டுரையில் கிடையாது,
இங்கேயும் வேண்டாம்.
கன்னியம்மாள் குடத்தை நிமிர்த்திவிட்டுக் கேட்டாள்:
"அன்னிக்கு நல்லா கீதுன்னு சொன்னீங்கோளே?"
தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.
இருபத்து மூன்று கட்டுரைகளில்
அந்த வாக்கியம் எங்கும் இல்லை.
அவள் போய் மோட்டாரை நிறுத்தினாள்.
"குடிக்கத்தான ஆவாது? மாட்டுக்கு?"
மாட்டைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா
என்று யோசித்தேன்.
தெரியவில்லை என்றேன். அதையும்
நான் எங்கும் எழுதியதில்லை.

இம்முறை டப்பா தகரம்.
முனிரத்தினம் எம்-சீலைப் பிசைந்து
விளிம்பு முழுக்க அப்பி,
கட்டைவிரலால் ஒருமுறை சுற்றி வந்தார்.
மூடிய தேதி, நவம்பர் பதினெட்டு.

படிவத்தின் கடைசிக் கட்டம்: பிற விவரங்கள்.
டிசம்பர் ஒன்பது என்று எழுதினேன்.
அலுவலகத்தில் கேட்பார்கள், என்ன இது என்று.
அன்றைக்குத்தான் எண்ணத் தொடங்கலாம்.