நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே

ஹெர்வந்தாவில் பிப்ரவரி. மைனஸ் இருபத்திரண்டு.
பையில் உறைந்த பட்டாணி, ஒரு டஜன் முட்டை.
நான்காம் மாடி தாண்டி
லிஃப்ட் ஒருமுறை விக்கியது,
நின்றது.

மஞ்சள் பொத்தானை அழுத்தினேன்.
கரகரப்பு. பிறகு, உடைந்துகொண்டிருக்கும் வயதின் குரல்:
"நான் மெக்கானிக் இல்லை.
பள்ளியிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள், இரண்டு வாரத்துக்கு.
இன்று நான்காவது நாள்.
யால்மரி."

எங்கள் ஊரில் லிஃப்டுக்குள் யாரும் பேசுவதில்லை.
எதிர்வீட்டுக்காரரோடு பதினெட்டு வருடம்
மாடி எண்களையே பார்த்தபடி
ஏறி இறங்கியிருக்கிறேன்.
அந்த ஊர்ப் பிள்ளையின் கையில்
ரிசீவரைத் திணித்து
"மோட்டாரை நான் பார்க்கிறேன், நீ பேசிக்கொண்டிரு"
என்று மேலே ஏறிவிட்டாளாம் ரீக்கா.

"மூச்சு வருகிறதா?" என்று கேட்டான்.
வருகிறது என்றேன்.
"நல்லது."
அதன்பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

முழங்கால் நடுங்கத் தொடங்கியது எனக்கு.
விழுந்துவிடுமா, யால்மரி?

"விழாது."
இந்த ஒரு சொல்லில் மட்டும் குரல் உடையவில்லை.
"ஐந்து கம்பிவடம். உங்களைத் தாங்க ஒன்றே போதும்.
செவ்வாய்க்கிழமை நானே துணியால் துடைத்தேன்,
ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் பருமன்."
கொஞ்சம் யோசித்து,
"சுண்டுவிரலைவிடச் சற்றே பெரிது" என்று திருத்தினான்.
அந்தத் திருத்தத்தில்தான்
நான் தரையில் உட்கார்ந்தேன்.

பட்டாணி கசியத் தொடங்கியது.
ஏன் லிஃப்ட் கம்பெனி என்று கேட்டேன்.
படிவத்தில் மூன்று விருப்பம் எழுதச் சொன்னார்களாம்,
மூன்றிலும் 'தெரியாது' என்று எழுதினானாம்.
ஹாக்கிக் கடை, வானொலி நிலையம், நாய் மருத்துவமனை
எல்லாம் மற்றவர்களுக்குப் போய்
மிச்சம் இருந்தது இது.
"ஆனால் கூரைமேல் ஏறலாம்," என்றான்,
யாரோ ஒட்டுக்கேட்பதுபோல் மெதுவாக.
"அங்கிருந்து இரண்டு ஏரியும் தெரியும்."

அப்புறம் சட்டென்று,
"இப்போது ஒரு குலுக்கல் வரும். பயப்படாதீர்கள்."

சொன்ன பிறகுதான் வந்தது குலுக்கல்.

கதவு திறந்தபோது
கையை இரண்டு முறை மடித்துவிட்ட பெரிய சட்டைக்குள்
ஒரு பையன், என் முகத்தைப் பார்க்காமல்
பையை மட்டும் வாங்கிக்கொண்டான்.
ஒரு வார்த்தை இல்லை.
ரீக்கா நீட்டிய தாளில்
'தாமதம்: பதினொரு நிமிடம்' என்று இருந்தது.
கையெழுத்துப் போட்டேன்.
மூன்று முட்டை உடைந்திருந்தன.

திங்கட்கிழமை எதிர்வீட்டுக்காரர் லிஃப்டுக்குள் வந்தார்.
இரண்டு, மூன்று.
நான்கு தாண்டும்போது
"ஐந்து கம்பிவடம், தெரியுமா?" என்றேன்.

எண்களிலிருந்து
கண்ணை எடுத்தார்.