பிரித்த கூலி

எந்தக் கழுதை தைத்தது இதை என்றார்
டொக்டர் நிமலகாந்தன்,
கதவைத் திறந்து பின் இருக்கையைக் காட்டி.
ஐம்பத்தெட்டாம் ஆண்டு மொரிஸ் மைனர்.
போன மாதம்தான் செங்கலடியில்
ஒரு மில் கொட்டிலுக்குள் கோழிகளைக் கிளப்பிவிட்டு
வாங்கினாராம்.
அசல் நிறம் வேண்டும். அசல் பைப்பிங்.
கைப்பேசியில் இங்கிலாந்துப் படம் ஒன்று:
மாதுளை முத்துச் சிவப்பில் இருக்கை,
அதில் யாரும் ஒருநாளும் இருந்த மாதிரி இல்லை.

தெரியாது சேர், என்றேன்.

நாலு நட்டைக் கழற்ற இருக்கை வெளியே வந்தது.
அடியில் ஒரு ஊக்கு, ஐந்து சதம், உமி,
கிளினிக் துண்டொன்றின் பாதி,
எலி குட்டி போட்ட இடம்.
கல்லடி வெயிலில் பலகைமேல் வைத்தோம்.
மேலே பச்சை ரெக்சீன்.
அது நான்.
பச்சைக்குக் கீழே கறுப்பு, அது எனக்கு முந்திய எவனோ கெட்டிக்காரன்.
கறுப்பு முழுக்கத் துளைகள்.

சோதனைச் சாவடியில் கம்பி விட்டுப் பார்த்த துளைகள்.
ஓவசியர் மாசிலாமணி எண்ணி வைத்திருந்தார், முப்பத்தொன்று.
போகக்க முப்பது, வரக்க ஒண்டு,
பொடியன் களைச்சுப் போனான், என்றார்.
விடிந்தால் மகளுக்குக் கல்யாணம்.
மாப்பிள்ளை வீட்டார் ஓட்டைக்குமேல் இருக்கக் கூடாது.
பாதை பூட்டிப் பதினோராம் நாள்,
நூல் ஒரு கடையிலும் இல்லை.
நாவலடியில் ஒருவரிடம் தங்கூசி ஒரு கட்டை,
சலூன் கதிரைக்கென்று வாங்கி வைத்த பச்சை ரெக்சீன்,
கரண்ட் இல்லாததால் ஒரு அரிக்கன் லாம்பு.
மெஷின் தங்கூசியை மென்று துப்பியது.
மறுகா, கைதான்.
வளைந்த ஊசி, பெருவிரலில் சைக்கிள் டியூப்.
முடித்துவிட்டுப் பார்த்தால்
ஆடு மேய்ந்துபோன பாதை மாதிரித் தையல்.
ஓவசியர் டோர்ச் அடித்துப் பார்த்தார்.
பொம்பிளையிர சாரி மறைக்கும், என்றார்.

மறைத்திருக்கும்.

இப்போது நவாஸ் பிளேடோடு குந்தியிருக்கிறான்.
ரெக்சீன் அப்பளமாய் நொறுங்குகிறது,
தையல் விடுகிறதில்லை.
துணி உதிர்ந்துபோன இடத்திலும்
பிடிக்க ஒன்றுமில்லாமல்
விறைத்துக்கொண்டு நிற்கிறது தங்கூசி.
வரிசை முடிகிற மூலையில் அவன் கை நின்றது.
மூன்று முடிச்சு, ஒன்றின்மேல் ஒன்று.
தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.
பொஸ், இந்தக் கழுதைய எனக்குத் தெரியும்போல.

வாய மூடிட்டுப் பிரி.

எட்டு நாள் எடுத்தது.
முறிந்த சுருள் கம்பி இரண்டு மாற்றி,
புதுச் சாக்கு, புதுத் தும்பு, அதன்மேல் அரை அங்குல ஸ்பொஞ்,
சிவப்பில் பதினொரு மடிப்பு.
ஏழாவது மடிப்பு அரை நூல் அகலம் கூட.
டொக்டர் ஏறி இருந்தார், இறங்கினார்,
மறுபக்கத்தால் ஏறி இருந்தார்.
வயிற்றைத் தைத்துப் பழகிய விரலால்
பைப்பிங் வழியே கடைசிவரை போய்
இதுதான் வேலை, என்றார்.
ஏழாவதைத் தாண்டித்தான் போனார்.

பில் எழுதினேன்.
ரெக்சீன் ஆறு யார். கம்பி. தும்பு. கூலி.
கீழே இடமில்லாததால் சின்ன எழுத்தில்
பழைய தையல் பிரித்த கூலி ஆயிரத்தைந்நூறு.
அந்த வரியில் விரலை வைத்தார்.
பாவம், இதோட நல்லா மினக்கெட்டிருப்பீங்க.
ஓம் சேர், என்றேன்,
விடிய நாலு மணி மட்டும்.

ஆஸ்பத்திரி மணித்தியாலங்களைப் பற்றி அவர் ஏதோ சொன்னார்.
உள்ளே நவாஸுக்கு இருமல் வந்துவிட்டது.

தங்கூசியை அவன்தான் சுருட்டி எடுத்துப் போனான்.
பாலத்தடியில் இரவில் கெளிறு படுகிறதாம்.
பழசு, அறுந்திரும்டா, என்றேன்.
முடிச்சுப் போட்ட துண்டைப் பல்லில் கடித்து
இழுத்துக் காட்டினான்.