சூப்பர் சொன்னால் ஐந்து ரூபாய்

நரிமேட்டில் மாவுமில்லுக்கு மேலே
டியூஷன் நடக்கும் அறை.
ஞாயிறு மட்டும் எங்களுக்கு.
பெஞ்சில் படங்களைப் பரப்புவோம்,
சீட்டுக்கட்டு மாதிரி, முகம் மேலாக.

சட்டம் இரண்டுதான்.
மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை
எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது.
'சூப்பர்' என்று சொன்னால்
ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஐந்து ரூபாய்.
முதல் மாதம் முழுக்க
துவாரகநாத் காசில்தான் பருத்திப்பால் குடித்தோம்.

நான் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
காலையிலிருந்து இரவு எட்டுவரை
மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க.
அங்கே என் படத்தை
யாரும் அழகு என்று சொன்னதில்லை.
எங்கே உடைந்திருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.
அதனால் இதெல்லாம் எனக்குப் பழக்கம்
என்று நினைத்திருந்தேன்.

அன்று வைத்தது கீழமாரட் வீதி.
வெங்காய மண்டி, சாயங்காலம் ஐந்தரை.
மூட்டைமேல் உட்கார்ந்து
துண்டை உதறுகிறார் ஒரு சுமைகாரர்.
சருகெல்லாம் எழும்பி
ரோஸ் நிறத்தில் வெயிலைப் பிடித்து நிற்கிறது.
பெனாசிர் பார்த்தாள். பர்ஸைத் திறந்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
ஐந்து ரூபாயைப் பாட்டிலில் போட்டாள்.

காசிமாயன் மட்டும் படத்தைக் கையிலெடுத்து
ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.
ஒத்தக்கடை மினிபஸ் ஓட்டுகிறவர்.
பக்கக் கண்ணாடியில் பழகிய கண்,
ஓரத்தைத்தான் முதலில் பார்க்கும்.
'இடது பக்கம் கறுப்பா, மங்கலா ஒண்ணு நிக்குதே.
லைட்டுக் கம்பமா?'
தலையசைத்தேன்.
'அதுக்குப் பின்னாடி நின்னீங்களோ.'
கொஞ்சம் கழித்து,
'வெங்காயம் வந்திருக்கு. சருகு ரொம்ப நல்லா வந்திருக்கு.
அந்த மனுசன் வரல.'

திட்டியிருந்தால் சட்டத்தை மீறிச் சண்டை போட்டிருப்பேன்.

அடுத்து அவர் படம்.
பழிவாங்கத்தான் குனிந்தேன், ஒளிப்பானேன்.
யானைமலை, விடிகாலை, மொட்டைமாடியிலிருந்து.
தும்பிக்கைக்குக் குறுக்கே ஒரு கோடு.
'கொடிக்கம்பி,' என்றேன்.
தன் படத்தையே
வேறு யாரோ எடுத்தது மாதிரிப் பார்த்தார்.
'பதினோரு வருசமா அதுலதான் துணி காயப்போடுறோம்.
கண்ணுல படவே இல்ல.'

புதன்கிழமை டூட்டி மாற்றிக்கொண்டு மண்டிக்குப் போனேன்.
கம்பத்தைத் தாண்டி, சாக்கடைப் பலகையைத் தாண்டி,
நெடி கண்ணில் ஏறும் தூரம்வரை.
எடுக்கலாமா என்று கேட்டேன்.
எனக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.
'எதுக்கு, ஆதார்ல ஒட்டவா?' என்று சிரித்து
சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டு
விறைப்பாக நின்றார்.
பழக்கத்தில் சொல்லிவிட்டேன், மூச்சை அடக்குங்க.
அடக்கினார்.

படம் சுமார்தான்.
வெயில் போயிருந்தது. சருகு பறக்கவில்லை.
ஜெரோம், நெற்றி வெட்டுப்பட்டிருக்கிறது என்றான்.
பெனாசிர், வெளிச்சம் செத்துக் கிடக்கிறது என்றாள்.
இரண்டும் சரி.
காசிமாயன் கேட்டார்: 'பேர் என்ன?'
'மொக்கச்சாமி. செக்கானூரணிப் பக்கம்.'
முதல் படத்துக்கு யாரும் அதைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.

பிறகு உறையிலிருந்து யானைமலையை எடுத்தார்.
பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி,
கம்பியே இல்லாமல்.
சுத்தமான மலை, சுத்தமான வானம்.
ஸ்வீட் ஸ்டால் காலண்டரில்
தேதிக்கு மேலே இருக்குமே, அது.
படத்தை நீட்டிய உள்ளங்கையில்
புது பிளாஸ்திரி.
எப்படிச் சொல்ல.
மூச்சை இழுத்தேன். அடக்கினேன்.
'அண்ணே, கம்பியோடவே இருந்திருக்கலாம்.'

கீழே மில் ஓடும் சத்தம் மட்டும்.
என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.
எழுந்துபோய்ப் பாட்டிலை உலுக்கினார்.
'பருத்திப்பாலுக்குக் காசு பத்தாது.
யாராவது ஒருத்தர்
சூப்பருன்னு சொல்லித் தொலைங்கப்பா.'